மேலே சேட்டு, கீழே சாரன்

கல்முனைக் கரையோரத்தில் அண்மைக் காலமாக ஒரு புதிய இனம் பெருகி வருகிறது. ஊரிலுள்ள ஆம்பிளைகளெல்லாம் கடைக்கும் கந்தோருக்கும் வயலுக்கும் போய் முடிந்த பிறகு, ஏதாவதொரு வீட்டு ஹோலுக்குள், இஸ்திரி போட்ட நீலச் சேட்டும் காதில் ஒரு கருவியும் முகத்தில் வெளிநாட்டுச் சிரிப்புமாக ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டால், பெரிய உத்தியோகத்தர் என்று பயந்துவிடாதீர்கள். கொஞ்சம் குனிந்து மேசைக்குக் கீழே பாருங்கள். இடுப்பில் கட்டிய சாரன் தெரியும். இவர்தான் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்.

இந்த இனத்தைக் குரலை வைத்தும் பிடிக்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடும் கூட்டத்துக்குள்ளே, "எனக்கு நேரம் என்ட கையில" என்று ஒரு சத்தம் கேட்கிறதா? ஆள் அகப்பட்டுவிட்டார்.

மாதிரிக்குக் கல்முனைக்குடி ஹிஷாமை எடுத்துக்கொள்வோம். கட்டாரில் சில வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். வந்த அன்று அவருடைய மகள் ஸம்றா கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, "அங்கிள், உம்மா குசினிக்குள்ள" என்றாள். அன்றைக்கே பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே எறிந்துவிட்டு, ஊரிலிருந்தே செய்யக்கூடிய வேலை தேடத் தொடங்கினார். கிடைத்தது மெல்பேர்னில் சோபா விற்கும் ஒரு கம்பனி. அங்கே ஒரு சீமாட்டி, வாங்கிய சோபாவின் கால் ஆடுகிறது என்று கோபப்பட்டால், இங்கே கால் ஆடுகிற பிளாஸ்டிக் கதிரையில், அந்தக் காலுக்கு அட்டை மடித்து வைத்துக்கொண்டு, ஹிஷாம் ஆழ்ந்த கவலை தெரிவிப்பார். அதுதான் தொழில்.

கஷ்டமான தொழில்தான். ஆனால் அதை வெளியே சொன்னால் இனத்துக்கே இழுக்கல்லவா? ஆகவே அவர் கூட்டாளி முனாஸிடம் வேறு மாதிரிக் கதைப்பார். முனாஸ் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர். தினமும் காலையில் வரவு பதியும் மெஷினில் விரல் வைக்க ஓடுகிற மனிதர்.

"உனக்கு விரல் வைக்கோணும் மச்சான். எனக்கு ஒரு மெஷினும் இல்ல. நினைச்சா வேலை, நினைச்சா படுக்கை."

"அப்ப சும்மாதானே இரிக்காய்?"

"சும்மா இல்லடா. சுதந்திரம்."

"நல்லம். நாளைக்கு கேஸ் லொறி வந்தா எங்கட சிலிண்டரையும் மாத்தி வை."

இப்படித்தான் அந்தச் சுதந்திரத்தை ஊர் பங்கு போட்டுக்கொண்டது. சிலிண்டர் அவர் பொறுப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பம் அவர் பொறுப்பு. மின்சாரச் சபைக்காரன் வந்தால் படலை திறப்பதும் அவரே. ஒருமுறை கடற்கரையில் மடிக்கணினியோடு இருந்து, "இன்றைய என் அலுவலகம்" என்று படம் வேறு போட்டார். வெயிலில் திரையே தெரியவில்லை, கையிலிருந்த வடையைக் காகம் கொண்டுபோனது, மணல் புகுந்த விசைப்பலகை இன்றுவரை நறநறக்கிறது என்பதெல்லாம் படத்தில் விழாத விடயங்கள்.

ஆனால் அவர் படத்திலும் பேச்சிலும் விழாத இன்னொருவர் இருந்தார். மாமி, மனைவியைப் பெற்ற சல்மா உம்மா.

நம் பக்கத்தில் வீடு பொம்பிளைக்கு. மாப்பிள்ளை என்பவர் அங்கே வந்து குடியிருக்கிறவர். காலையில் வெளிக்கிட்டு, அந்திக்கு, வருகிற சத்தம் முன்கூட்டியே கேட்கும்படி இருமிக்கொண்டு வருகிறவர். அவர் இல்லாத பகல்தான் மாமியின் இராச்சியம். ஹோலில் பாயை விரித்துக் கால் நீட்டலாம். முந்தானையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு நாடகம் பார்க்கலாம். மருமகனைப் பற்றித் தங்கச்சியோடு தொலைபேசியில் நிம்மதியாக நாலு வார்த்தை கதைக்கலாம். அதிலும் சல்மா உம்மா பழைய ஒழுங்குக்காரி. மருமகனுக்கு முன்னால் வரமாட்டார், நேருக்கு நேர் பேசமாட்டார். சொல்ல வேண்டியது இருந்தால் மகள் றுக்ஸானாவிடம் சொல்லி அனுப்புவார். றுக்ஸானாவோ ஆசிரியை, காலையில் ஸம்றாவையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் மத்தியானம் கழிந்துதான் வருவார்.

இந்த இராச்சியத்துக்குள்தான் ஹிஷாம் மேசையைக் கொண்டுவந்து போட்டார். ஹோலுக்குள்ளேதான் சிக்னல் நல்லம். அதிலும் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால், பின்னால் ஜன்னலுக்குப் பெருநாளைக்கு வாங்கிப் போட்ட பூத்திரை கெமராவில் அழகாக விழும். வாசலிலிருந்து குசினிக்குப் போகும் வழியும் அதே பின்னால்தான். அதற்கும் றுக்ஸானா மூலமாக ஒரு சட்டம் போட்டார்: கூட்டம் நடக்கும்போது பின்னால் ஆள் போகக் கூடாது.

மாமி ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதோடு நின்றாரா? கோழிகளைப் பின்வளவுக்கு மாற்றினார். அம்மியில் அரைப்பதை விட்டார். தும்மல் வந்தால் குசினியைத் தாண்டிக் கிணற்றடிக்கு ஓடிப்போய்த் தும்மினார். மருமகன் கூட்டத்தில் இருக்கிறபோதெல்லாம் அவர் கண் அலுமாரிக்கு மேலே இருக்கும் பெட்டிக்குப் போகும். விமான நிலையத்தில் ஒட்டிய காகிதம் இன்னும் அதில் உரியாமல் இருந்தது.

அப்படி இருக்கையில் அந்தப் பெரிய நாள் வந்தது. ஹிஷாமின் தகுதிகாண் காலம் முடிந்து, நிரந்தரமா இல்லையா என்று கம்பனி சொல்லும் நாள். இல்லை என்றால் மறுபடி கட்டார்தான். "இண்டைக்குத் தீர்ப்பு உம்மா" என்று றுக்ஸானா காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

திரையில் மெல்பேர்ன் மேலதிகாரி ஹெலன் சிரித்தார். ஹிஷாமும் சிரித்தார். சோற்றுப் பானை அடுப்பில் கொதித்தது. அந்த நேரம் பார்த்து, தெருமுனையில் மீன்காரனின் ஹோர்ன்.

சல்மா உம்மா பதறிப்போனார். ஹோர்ன் படலையடிக்கு வந்தால் தீர்ப்பு என்ன ஆவது? திரைக்குள் விழாமல் சுவரோடு சுவராக ஒதுங்கி வெளியே ஓடி, "ஹோர்ன அடிச்சிடாத மனே, அல்லாஹ்வுக்காக அடிச்சிடாத" என்று மறித்து, வாய் அடைக்க வேண்டுமே என்பதற்காகவே கொஞ்சம் கீரிமீனும் வாங்கிக்கொண்டு திரும்பினார். வாசலில் கால் வைத்தார். மருமகனோ இப்போது கதிரையை நகர்த்தி வழியை முழுதாக மறித்திருந்தார். குசினியின் பின்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டவரும் மாமியேதான், கோழி உள்ளே வந்துவிடும் என்று பயந்து.

நின்றார். வெயில் தலையில், மீன்பை கையில், சோறு அடுப்பில்.

ஹிஷாம் திரையின் மூலையில் அவரைக் கண்டார். தன் படத்துக்குப் பின்னால், வாசலில், ஒரு முந்தானை. முதுகுக்குப் பின்னால் கையை விரித்துப் பொறுக்கச் சொன்னார். மாமி பொறுத்தார்.

"உன் வேலைச் சூழல் எப்படி, ஹிஷாம்?" என்று கேட்டார் ஹெலன்.

"மிக அமைதி. இங்கே யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை."

சொல்லி வாய் மூடவில்லை, மூக்குக்குத் தீய்ந்த மணம் வந்தது. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். அப்புறம் பூத்திரைக்குப் பக்கத்தில் புகை வந்தது. திரையின் மூலையில் அந்த முந்தானை ஒரு அடி முன்னுக்கு வந்து, சட்டம் ஞாபகம் வந்து, ஒரு அடி பின்னுக்குப் போனது. மறுபடி முன்னுக்கு. மறுபடி பின்னுக்கு.

அதைப் பார்த்துக்கொண்டு அவரால் இருக்க முடியவில்லை. எழும்பினார். அட்டை விலகிக் கதிரை சரிந்தது. ஒரு கையால் சாரனைப் பிடித்தபடி குசினிக்குள் பாய்ந்து, அடுப்பை அணைத்து, பானையை இறக்கி, விரலைச் சுட்டுக்கொண்டு திரும்பி ஓடிவந்து, "உள்ளுக்கு வாங்க மாமி, வெயிலுக்குள்ள ஏன் நிக்கிறீங்க?" என்றார்.

சல்மா உம்மா உள்ளே வந்தார். முந்தானையை இழுத்துவிட்டு, கலியாணம் முடிந்த நாளிலிருந்து முதற்தடவையாக மருமகனின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"மருமகன், வேலை போயிருமா?"

திரையிலிருந்து ஹெலன், "அவர் யார்? என்ன கேட்கிறார்?" என்றார்.

"இந்த அலுவலகத்தின் சொந்தக்காரி" என்றார் ஹிஷாம். "என் வேலை போய்விடுமா என்று கேட்கிறார்."

"போகாது என்று சொல். நிரந்தரமாக்கிவிட்டோம் என்று சொல்லத்தான் அழைத்தேன்" என்ற ஹெலன், கொஞ்சம் தயங்கி, "அந்தப் பாவாடையும் உனக்கு நன்றாக இருக்கிறது" என்றார்.

அன்று பின்னேரம் ஹிஷாம் மேசையைத் திருப்பிப் போட்டார். அவ்வளவுதான். திருப்பினாலே போதும், வழி திறந்துவிடும் என்று இத்தனை காலமும் அவருக்குத் தோன்றவே இல்லை. இப்போது அவருக்குப் பின்னால் பூத்திரை இல்லை. வெடித்த சுவரும் சம்மாந்துறை அரிசி ஆலைக் கலண்டரும்தான். பகல் சாப்பாடானதும் மேசையே அறைக்குள் போய்விடும், சிக்னல் வந்தால் வரட்டும் என்று. ஹோலில் பாய் விரியும். நாடகச் சத்தம் கேட்கும்.

அடுத்த வெள்ளி பள்ளிவாசல் படியில், "எனக்கு நேரம் என்ட கையில மச்சான்" என்று அவர் முனாஸிடம் தொடங்கியபோது கைப்பேசி அடித்தது. எடுத்தார்.

"மருமகன், தேங்காய் ஒண்டு வாங்கிக்கிட்டு வாங்க. அந்த மூலைக் கடையில வேணாம். கெதியா வாங்க, சும்மாதானே நிக்கிறீங்க?"

இனி றுக்ஸானா மூலமாக எதுவும் வராது. நேரடி இணைப்பு கொடுத்தாயிற்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கழுத்துவரை பொத்தான் பூட்டி, காலை ஆட்டிக்கொண்டு, உங்கள் சுதந்திரத்துக்கு நடுவே இதை வாசித்துச் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் வீடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று யோசித்தீர்களா? ஒருதரம் திரும்பிப் பாருங்கள். வாசலில் யாராவது மீன்பையோடு நிற்கக்கூடும்.