வேலிக்கு அப்பால் விழுந்த குசினி

காணியைக் காலால் அளக்கத் தெரிந்தவனுக்கு வரைபடம் எதற்கு என்று ஒரு காலத்தில் நான் கேட்டுத் திரிந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு, ஒரு மண்வெட்டியோடு தொடங்கி, இன்று விசுவமடுவில் எட்டு ஏக்கர் வயலும் மூன்று உழவு இயந்திரமும் வைத்திருக்கிறேன். (மூன்றாவது ஓடாது. ஆனால் முற்றத்தில் நிற்பது எல்லோருக்கும் தெரியும்.) அப்படிப்பட்டவனுக்கு ஒரு வீடு என்ன பெரிய காரியமா?

வீடு கட்ட நினைத்தது என் மனைவி பரமுவுக்காகத்தான். மீள்குடியேறிய நாளிலிருந்து பத்து வருடம் அவள் சமைத்தது நாலு தடியில் தகரம் போட்ட ஒரு கொட்டிலில். மழையென்றால் அடுப்பு நனையும், வெயிலென்றால் அவள் வேகுவாள். நகை கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை. நின்று திரும்பிச் சமைக்க ஒரு குசினி, அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு வேண்டியது ஒரு ஹோல். பதினெட்டு அடி நீளம். ஊரில் எந்தக் கூட்டமென்றாலும் அங்கேதான் நடக்க வேண்டும், நடுக்கதிரையில் நான் இருக்க வேண்டும்.

மேசன் இராசு வந்தவுடனே கேட்டான்.

“அண்ணை, பிரதேச சபையிலை அனுமதி எடுத்திட்டியளே?”

“எடுக்கலாம், எடுக்கலாம். ஐயர் நாள் குறிச்சுத் தந்திட்டார். சபைக்காரர் வரும்வரைக்கும் நல்ல நேரம் வாசலிலை காவல் நிக்குமோ?”

“படமாவது கீறி வைச்சிருக்கிறியளே?”

“நீ கல்லை அடுக்கு. நான் சொல்லுறன்.”

மேற்கே கிணறு, கிழக்கே பக்கத்துக் காணி மனோன்மணி அக்காவின், பச்சைத் தடிகள் நட்ட கதியால் வேலி. இரண்டுக்கும் நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். கிணற்றுக்குக் கொஞ்சம் விட்டு ஹோல், அதற்கடுத்து அறைகள், கடைசியாக அக்கினி மூலையில், வேலியோடு ஒட்டினாற்போல் பன்னிரண்டடிக் குசினி. முளை அடித்தோம், கயிறு கட்டினோம், நாள்கல் வைத்தோம். இரண்டு கிழமையில் அத்திவாரம் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. பரமு குசினி அத்திவாரத்துக்குள் இறங்கி நின்று, கையை இரண்டு பக்கமும் விரித்து ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் கை முட்டவில்லை. எனக்கு அன்று சாப்பாட்டில் இரண்டு முட்டை.

மூன்றாம் கிழமை, வீதியில் போன சபை உத்தியோகத்தர் ஒருவர் மோட்டார்சைக்கிளை நிறுத்தினார். என் பிள்ளை வயதுதான் இருக்கும்.

“ஐயா, இந்த வீட்டுப் படம் எங்கை?”

நான் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். “இஞ்சை இருக்குத் தம்பி.”

“அதிலை என்னாலை முத்திரை குத்தேலாது ஐயா. வேலையை நிப்பாட்டுங்கோ. முதல் காணியை அளந்து எல்லையைக் காட்டுங்கோ. பிறகு படம், பிறகு அனுமதி, பிறகுதான் கல்லு.”

நான் எல்லாவற்றையும் வாலிலிருந்து தொடங்கியிருந்தேன். ஆனாலும் பயப்படவில்லை. அளக்கட்டும், என் காலின் கணக்குப் பிழைக்காது என்று நில அளவையாளரைக் கூப்பிட்டேன். மூன்று கால் கருவியோடு வந்தார். பழைய எல்லைக் கல்லைத் தேடிப் பிடித்தார், கண்ணைச் சுருக்கினார், கையைக் காட்டினார். அவருடைய ஆள் போய் முளை அடித்த இடம், பரமுவின் குசினிக்கு நடு.

“அங்கை ஏன் அடிக்கிறியள்? எல்லை வேலியடி அல்லோ!” என்று கத்தினேன்.

“ஐயா, வேலி ஏழரை அடி தள்ளி நிக்குது. உங்கடை குசினியிலை அரைவாசிக்கு மேலை பக்கத்துக் காணிக்குள்ளை.”

ஏழரை அடி. அந்தக் கணக்கைக் கேட்டதும்தான் எனக்கு நினைவு வந்தது. இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் வேலி அடைப்பவன் நான்தான். பட்ட கதியாலைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நடும்போது, ஒரு சாண் அங்காலே நடுவேன். ஒரே ஒரு சாண். பத்து வருடம். காணி வளர்ந்தது நினைவிருந்தது, வளர்த்தது யார் என்பது மறந்துபோயிற்று. களவெடுத்தவன் களவெடுத்த இடத்திலேயே அத்திவாரம் போட்டு, அளக்கவும் தானே ஆளைக் கூப்பிட்ட கதை வேறெங்காவது நடந்திருக்குமா?

வேலிக்கு மேலாக மனோன்மணி அக்காவின் தலை தெரிந்தது. முகத்தில் கோபமில்லை. அதுதான் கூடுதல் பயம்.

“அக்கா, இது… தெரியாமல்…”

“எனக்குத் தெரியுமடா தம்பி. வருசா வருசம் என்ரை சீமெந்துத் திண்ணையிலை இருந்து பாத்தனான். வேலி நடக்குது, நடக்கட்டும், எங்கை போய் நிக்குமெண்டு பாப்பம் எண்டிருந்தன். என்ரை கோழிக்கூட்டடியிலை வந்து குசினியோடை நிக்குமெண்டு நினைக்கேல்லை.”

“ஏனக்கா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“உன்ரை வாய்க்கு முன்னாலை ஆர் நிக்கிறது? அரசாங்கம் அளக்கட்டுமெண்டு இருந்தனான். இப்ப நீயே உன்ரை கையாலை வேலியைப் புடுங்கி, பழைய இடத்திலை நட்டுவிடு. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

இராசு சிரிப்பை அடக்கச் சாந்துச் சட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். அத்திவாரத்தை உடைக்க வேண்டும். எல்லையிலிருந்து இரண்டரை அடி இடைவெளியும் விடவேண்டுமாம், எல்லாமாகப் பத்தடி குறைகிறது. மேற்கே தள்ளலாமென்றால் கிணறு. கிணற்றை நகர்த்தும் வித்தை எனக்குக்கூடத் தெரியாது.

“குசினியைக் கொஞ்சம் சின்னனாக்குவம். இரண்டடி போதாதே?” என்று மெல்லக் கேட்டேன்.

பரமு கரண்டியோடு வந்தாள். “இரண்டடியிலை ஆர் நிண்டு சமைக்கிறது, நீங்களோ? குசினியிலை ஒரு அங்குலம் குறைஞ்சாலும் நான் மனோன்மணியக்கா வீட்டிலைதான் சமைப்பன். நீங்கள் வேலிக்கு மேலாலை சோத்துக் கோப்பையை நீட்டுங்கோ.”

“வா பிள்ளை, ரெண்டு பேருமாய்ச் சமைப்பம்,” என்றாள் அக்கா.

ஆக, பத்தடியும் என் ஹோலில் போனது. முதலில் வரைபடம் கீறினோம், பிறகு அனுமதி எடுத்தோம், பிறகு கல் வைத்தோம். கிளிநொச்சியில் முன்கூட்டியே செய்வித்திருந்த தேக்குக் கதிரைத் தொகுதி எட்டடிக்குள் ஒருவாறு நுழைந்தது. நுழைந்த பின் வாசல் கதவு அரைவாசிதான் திறக்கிறது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பின்பக்கத்தால் வந்து, குசினியில் பாய் விரித்து, பதினைந்து பேரும் வசதியாக இருந்து பலகாரம் சாப்பிட்டார்கள்.

“ஐயாவைக் காணேல்லை?” என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டார்.

“அப்பா ஹோலுக்கை இருக்கிறார். அவர் வெளியிலை வந்தால் நீங்கள் ஓராள் உள்ளை போய்ப் பாக்கலாம்,” என்றாள் மகள்.

சிரிப்பு அன்று தொடங்கியது. இன்றும் என்னைத் தேடி யார் வந்தாலும், அடுப்படியில் இருந்தபடி வீட்டில் உள்ளவர்கள் இதையே சொல்கிறார்கள். சொல்லட்டும். சபை முத்திரை குத்திய வரைபடத்தில் அது ஹோல் என்றுதான் இருக்கிறது.