கைராசிக் காடு

முதலில் சத்தம்தான் வந்தது. தேன்கூட்டில் காதை வைத்தது போல, தலைக்கு மேலே எங்கோ ஓர் இரைச்சல். புக்கிட் பாயாங் பொதுக்காட்டைக் காவல் பார்க்கும் மண்டோர் பக்கிரிசாமி வெட்டுக்கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். இலைகள் தெரிந்தன. இலைகளின் இடுக்கில், காலை பத்து மணிக்கு முன்னால் எந்த நாளும் மலையைவிட்டு எழுந்திருக்காத மேகம் தெரிந்தது. விமானம் மட்டும் தெரியவில்லை. யாரோ பெரிய மனுஷன் எங்கேயோ போகிறான் என்று அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

போனது பெரிய மனுஷன் அல்ல, கேமரா.

எண்பத்து மூன்றாம் ஆண்டு அது. பசுமை என்பது அந்த வருஷம்தான் ஜார்ஜ்டவுன் அலுவலகங்களில் வந்து இறங்கியிருந்தது. அதற்கு முன்பு மரங்கள் சும்மா நின்றுகொண்டிருந்தன, அவற்றுக்காக யாரும் கூட்டம் போட்டதில்லை. இப்போது கோப்புகளுக்குப் பச்சை நாடா, அதிகாரிகளுக்குப் பச்சைக் கழுத்துப்பட்டை, கருத்தரங்கில் பச்சை நிறத்தில் கேசரி.

மூன்று மாதம் கழித்து ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து வனநிலச் சீரமைப்புத் திட்டமிடல் அதிகாரி ஆனந்தராஜா இறங்கினார். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களை வாசிக்க மூன்று வாரப் பயிற்சி பெற்றவர். மூன்றாவது வாரம் அவருக்கு வயிற்றோட்டம். மேகத்தைப் பற்றிய பாடம் அந்த வாரத்தில் நடந்திருக்க வேண்டும்.

"பக்கிரிசாமி, உம்முடைய காட்டிலை நாற்பத்திரண்டு ஏக்கர் தரிசு. இவ்வளவு காலமும் எதைக் காணும் காவல் காத்தனீர்?"

ஜீப்பின் முன்மூடியில் படத்தை விரித்தார். கருப்புக்கு நடுவே பால் கொட்டியது போல ஒரு வெள்ளை.

"சார், இது மேகம்."

"மேகமோ?"

"ஆமா சார். தெனமும் வந்து குந்திக்கும். பத்து மணிக்கு எந்திரிச்சுப் போயிடும்லா."

ஆனந்தராஜா கையேட்டைப் புரட்டினார். "கறுப்பு எண்டால் காடு. சாம்பல் எண்டால் ரப்பர். வெள்ளை எண்டால் வெறுந்தரை. மேகம் எண்டு இதிலை ஒண்டும் இல்லை."

"அப்ப நேர்லயே வந்து பாருங்களேன் சார்."

பார்க்க வந்தார். மூச்சு வாங்க ஏறி வந்து, மூன்று ஆள் கைகோத்தாலும் கட்ட முடியாத ஒரு மரத்தடியில் நின்றார். மரத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். இலையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் படத்திலிருந்து துடைத்தார். காலுறைக்குள் ஓர் அட்டை ஏறியது.

"இப்ப நாங்கள் நிக்கிறது வெறுந்தரை" என்றார், அந்த நிழலில் நின்றபடி.

"மரம் நிக்குது சார்."

"நிக்கும். ஆனால் படத்திலை நிக்கேல்லை. படம் துவான் பெங்காராவின்ரை கையெழுத்தோடை மேலிடத்துக்குப் போயிட்டுது."

துவான் பெங்காரா என்றால் இயக்குநர். அவர் கையெழுத்துப் போட்ட பிறகு மரம் நிற்பது ஒழுங்கீனம்.

திட்டத்துக்கு மூன்று கட்டங்கள் வகுக்கப்பட்டிருந்தன. முதலாம் கட்டம்: தரிசு நிலத்தில் மரம் நடுவதற்கு இடையூறாக வளர்ந்துள்ள சகல தாவரங்களையும் அகற்றுதல். இரண்டாம் கட்டம்: மரம் நடுதல். மூன்றாம் கட்டம்: விழா.

பக்கிரிசாமி அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னார். அந்த நாற்பத்திரண்டு ஏக்கரில்தான் ஓடை பிறக்கிறது. அடிவாரத்தில் இருக்கும் தொழிலாளர் லயத்தின் பதினொரு வீட்டுக்கும் அந்த ஓடையிலிருந்து வரும் ஒரே குழாய்தான் தண்ணீர். மரம் போனால் ஓடை போகும். ஓடை போனால் லயமும் போகும்.

"மரத்த வெட்டிட்டு மரம் நடுறதா?" என்றாள் மனைவி சின்னம்மா. "தலைய வெட்டிட்டு முடி வளக்கிற மாதிரியில்ல இருக்கு! தண்ணிக்கு என்னங்க பண்றது?"

"அதுக்கும் ஒரு குழு போடுவாங்க."

இரண்டு நாள் யோசித்தார். அவர் படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் இருபது வருஷம் சுற்றறிக்கை படித்ததில் அந்தப் பாஷை சளி மாதிரி நெஞ்சில் கட்டியிருந்தது. மூன்றாம் நாள் எழுதினார்: 'மேற்படி தரிசு நிலத்தில் காணப்பட்ட இடையூறுகள் யாவும் வேரோடு அகற்றப்பட்டு, நிலம் நடுகைக்கு ஆயத்த நிலையில் உள்ளதெனத் தாழ்மையுடன் அறிவித்துக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்து. ஒரு செடியைக்கூடத் தொடவில்லை. சரிபார்க்கவும் யாரும் வரவில்லை. அட்டை கடித்த செய்தி அலுவலகம் முழுக்கப் பரவியிருந்தது.

விழா தார் ரோட்டிலிருந்து பதினைந்து அடியில் நடந்தது. சப்பாத்தில் மண் ஒட்டாத தூரம் அதுதான் என்று அளந்து வைத்திருந்தார்கள். இருபது பிரமுகர்கள், இருபது கன்றுகள், ஒவ்வொன்றிலும் பெயரும் பட்டமும் பொறித்த தகடு. ஆளுக்கு ஒரு பச்சைத் தொப்பி, தின்ன இரண்டு கரிபாப். பின்னர் மண்டோர் இவற்றைத் தரிசு நிலத்துக்குக் கொண்டுபோய் ஊன்றுவார் என்று அறிவிக்கப்பட்டது. அவரும் ஊன்றினார். பத்தே நாளில் காட்டுப்பன்றிகள் இருபதையும் தின்றுவிட்டன. தகடுகளை மட்டும் விட்டுவைத்தன.

ஆறு மாதம் போனது. ஆனந்தராஜா வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"திங்கட்கிழமை துவான் வாறார். தன்ரை கன்று எவ்வளவு வளர்ந்திருக்கு எண்டு பார்க்க வேணுமாம். மற்றப் பத்தொன்பது பேரும் வருகினம்."

"கன்னுங்கள பன்னி தின்னுடுச்சு சார்."

"எனக்கு அது கேக்கேல்லை. கேட்டால் நான் எழுத வேண்டிவரும்."

அப்போதுதான் பக்கிரிசாமிக்கு அந்த யோசனை வந்தது. தகடுகளை எடுத்துப்போய், பாதையோரம் நின்ற மரங்களிலேயே பெரிய இருபதாகப் பார்த்துக் கம்பியால் கட்டினார். கண் இருக்கிறவன் பார்ப்பான், பார்த்தால் வெட்கப்படுவான், வெட்கப்பட்டால் இங்கே காடு இருக்கிறது என்று எழுதிக் கோப்பை மூடுவான். இதுதான் அவர் கணக்கு. மனுஷனைப் பற்றி அவருக்கு அவ்வளவு நல்ல எண்ணம்.

திங்கட்கிழமை துவான் பெங்காரா தன் தகட்டைக் கண்டுபிடித்தார். அண்ணாந்தார். பச்சைத் தொப்பி பின்னால் விழுந்தது. பக்கிரிசாமி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார்.

துவான் மரத்தைத் தடவிக்கொடுத்தார். "என் கை அப்படி" என்றார் மலாயில். "நான் பப்பாளி விதையைத் துப்பினாலே முளைத்துவிடும். என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்."

அவ்வளவுதான். மற்றப் பத்தொன்பது பேரும் அவரவர் மரத்தைத் தேடி ஓடினார்கள்.

"எனக்குக் கைராசின்னு எங்கத்தா அப்பவே சொல்லுவாக!" என்றார் மாதர் சங்கத்து ஹபீபா பீவி. "ஆனா நான் நட்டது ஒண்ணு, இங்க ரெண்டு பின்னிக்கிட்டு நிக்குதே?"

"அதான்க்கா ராசி" என்றார் பக்கிரிசாமி, வேறு வழி தெரியாமல்.

தமிழர் முன்னேற்றச் சங்கத் தலைவர் தங்கராஜு முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "ஏம்ப்பா, என் மரம் மட்டும் ஏன் சாஞ்சு நிக்குது?"

"நீங்க நட்டப்பவே லேசா சாச்சு நட்டீங்க தலைவரே."

"ஆமாமா. அன்னிக்கு அந்தப் போட்டோக்காரன் அவசரப்படுத்திட்டான்."

ஆறு மாதத்தில் நூற்றிருபது அடி. ஆனந்தராஜாவுக்குப் பதவி உயர்வு. பக்கிரிசாமிக்குச் சட்டம் போட்ட நற்சான்றிதழ். 'இங்குள்ள மரங்கள் யாவும் இத்திட்டத்தின்கீழ் நடப்பட்டவையே' என்ற தாளில் இருபது பிரமுகர்களும் கையெழுத்திட்டார்கள். இருபத்தொன்றாவதாக மண்டோரும் போட்டார். கதையைக் கேட்ட சின்னம்மா வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் சிரித்தாள். காடு பிழைத்துவிட்டது.

பிழைத்தது ஐந்து வாரம்.

ஆறாவது வாரம் கடிதம் வந்தது. 'இம்மண்ணில் ஆறே மாதங்களில் முழு வளர்ச்சியுற்ற காட்டை உருவாக்க முடியும் என்பது ஐயத்திற்கிடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளதால், ஏற்கெனவே உள்ள காட்டைக் காத்துக்கொண்டிருப்பது வீண் எனக் கருதப்படுகிறது. எனவே புக்கிட் பாயாங் முழுவதும் பதினெட்டுக் குழி கோல்ப் மைதானத்திற்கு ஒதுக்கப்படுகிறது. காடு தேவைப்படுமிடத்து, தேவைப்படும் இடத்தில், தேவையான அளவு நட்டுக்கொள்ளப்படும்.' கூடவே ஒரு லாரியில் கன்று வளர்க்க ஐயாயிரம் கருப்புப் பொலித்தீன் பைகள், அடுத்த காட்டுக்காக.

பக்கிரிசாமி பஸ் ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போனார். ஆனந்தராஜாவின் புது அறை குளுகுளுவென்றிருந்தது.

"சார், அது மேகம்னு சொல்லிடுவோம். பொய் எழுதினவன் நான்தான்னு எழுதித் தர்றேன். வேலை போனா போகட்டும்."

ஆனந்தராஜா கதவைச் சாத்தினார். "அது மேகம் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அட்டை கடிச்ச இடம் இப்பவும் கடிக்குது."

"தெரியுமா? அப்பறம் ஏன் சார்..."

"நீர் போய் இருபது பேரிட்டையும் உங்களுக்குக் கைராசி இல்லை எண்டு சொல்லும். நான் வரேல்லை."

நம்ம ஆளாவது கேட்பார் என்று பக்கிரிசாமி சங்கத்துக்குப் போனார். தங்கராஜு நாற்காலி போட்டு உட்காரவைத்தார், எல்லாவற்றையும் கேட்டார், பெருமூச்சுவிட்டார்.

"இதான் நம்ம இனத்தோட சாபம் பக்கிரி. ஒரு தமிழன் கையால ஆறு மாசத்துல நூறடி மரம் வளருது. துவானே ஒத்துக்கிட்டாரு. அத மேகம்னு சொல்ல ஒரு தமிழன்தான் பஸ் ஏறி வர்றான்."

"தலைவரே, எங்க தண்ணி..."

"அத விடு. வெட்டுறப்ப என் மரத்துல ஒரு பலகை எடுத்து வை. சங்க மண்டபத்துல மாட்டணும். சாஞ்ச பக்கம் வேணாம்."

சாயங்காலம் வீடு திரும்பினார். சின்னம்மா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"நம்ப மாட்டேங்குறாங்க."

"எத?"

"அங்க காடு இருந்துச்சுங்கிறத."

அவள் அடுத்த துணியை எடுத்தாள். பக்கிரிசாமி சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு லாரி இறக்கிய பைகளில் நிரப்பக் குவித்திருந்த மண்ணுக்குப் பக்கத்தில் குந்தினார். ஒரு பையை எடுத்து, வாயை ஊதிப் பிரித்து, இரண்டு கை மண் அள்ளிப் போட்டு அமுக்கி வைத்தார். பிறகு அடுத்த பையை எடுத்தார்.