நெற்றிக் காசு

காசு சேர்ப்பவர்களில் இரண்டு இனம் உண்டு. முதல் இனம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கைமாற்று கேட்டுப் போனால் வாசற்கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு பேசும். நாம் பார்க்கப்போவது இரண்டாவதை. இது செல்லாத காசை, செல்லுகிற காசு கொடுத்து வாங்கும் இனம்.

கண்டுபிடிப்பது சுலபம். பாசாரில் மீன்காரர் மிச்சச் சில்லறையைக் கொடுத்தால் நீங்களும் நானும் எண்ணிப் பார்ப்போம். இவர் புரட்டிப் பார்ப்பார்; புரட்டியதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்த பூதக்கண்ணாடியில் பார்ப்பார்; பிறகு வெயிலில் சாய்த்துப் பார்ப்பார்; பின்னால் மீன்பையோடு நிற்கிற ஏழு பேர் இவரைப் பார்ப்பார்கள். ஒன்றும் இருக்காது. இதுவரை இருந்ததே இல்லை. அதனால் என்ன, நாளைக்கும் மீன் வாங்கத்தானே வேண்டும்?

யார் வீட்டுக்குப் போனாலும் இந்த இனத்தின் வாயிலிருந்து இரண்டே வாக்கியங்கள் வரும். ஒன்று, "சும்மா பார்க்கத்தான்." மற்றது, "தேய்க்காதீங்க." பழைய காசைத் தேய்த்தால் அதன் மதிப்பு போய்விடுமாம். சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் புவனேசனின் மனைவி வாசுகிக்கு இது தெரியாது. ஒரு தீபாவளிக்கு, குத்துவிளக்கு தேய்த்த கையோடு, கணவனின் டப்பாவிலிருந்த பதினொரு செம்புக் காசுகளையும் புளி போட்டுப் பளபளவென்று துலக்கி வைத்துவிட்டாள். புவனேசன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் வீடு நிம்மதியாக இருந்ததாகக் கேள்வி.

அவரிடம் என்னதான் இல்லை? மூடிப்போன கள்ளுக்கடையின் பித்தளை டோக்கன் இருந்தது, பஸ் கண்டக்டரின் சட்டைப் பொத்தான் இருந்தது, எந்தத் துரைக்கோ எதற்காகவோ யாரோ குத்திவிட்ட பதக்கம் இருந்தது. இல்லாதது ஒன்றுதான். அது பக்கத்து ஊரான சுங்கை லாலாங்கில், நடராஜா என்ற மனிதரின் பிஸ்கோத்து டின்னுக்குள் கிடந்தது.

வெள்ளைக்கார ராஜா தலை போட்ட, சதுரமான 'ஒரு காசு' நாணயம். அந்தக் காலத்துக் குடும்பங்களில் பாதிப் பேர் வீட்டில் கிடப்பதுதான். ஆனால் எல்லாச் சதுரக் காசிலும் பக்கவாட்டில் புரட்டினால் மறுபக்கத்து எழுத்து நேராக நிற்கும். நடராஜாவின் காசில் தலைகீழாக நின்றது. அச்சடித்தவன் தூக்கக் கலக்கத்தில் செய்த பிழை. நம் வீட்டில் பிழை செய்தால் திட்டு விழும். காசில் பிழை இருந்தால் புவனேசன் பதினோரு வருடம் மோட்டார் சைக்கிளில் வருவார்.

வந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு. நடராஜா கோப்பி கொடுப்பார், வேர்க்கடலை கொடுப்பார், டின்னைத் திறந்து காசைக் கையில் கொடுப்பார், திரும்ப வாங்கி உள்ளே போட்டு மூடுவார். விலை பேச ஆரம்பித்தால் ஒரே பதில்தான்: "இப்ப என்ன தம்பி அவசரம், அடுத்த மாசம் பாப்போம்லா."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடராஜா இறந்துபோனார் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. புவனேசன் முதலில் "ஐயோ" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது எண்ணம் வந்துவிட்டது. அது என்ன எண்ணம் என்று நான் சொல்ல வேண்டுமா?

அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனார். சாவு வீட்டுக் கூடாரத்தில் செருப்பைக் கழற்றும்போதுகூட, டின் இப்போது யார் பொறுப்பில் இருக்கும், எத்தனை நாள் கழித்துக் கேட்டால் மரியாதையாக இருக்கும் என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய்ச் சவப்பெட்டியருகே நின்று கும்பிட்டார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நடராஜாவின் நெற்றியில், சந்தனத்துக்கு நடுவே, வழக்கப்படி ஒரு காசு ஒட்டியிருந்தது. சதுரமாக இருந்தது. ராஜா தலை மேலே தெரிந்தது. மறுபக்கம் நடராஜாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதுதானா? வேறா? புரட்டினால் தெரிந்துவிடும். ஆனால் ஊர் கூடி அழுகிற இடத்தில் செத்தவர் நெற்றியைப் புரட்டிப் பார்க்கிற துணிச்சல் எந்த இனத்துக்கு உண்டு? புவனேசன் பெட்டியின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கண் இமைக்காமல் நெற்றியையே பார்த்தார். பார்த்துப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. ஈ வந்தால் விரட்டினார். மாலை போடுகிறவர்கள் காசைத் தட்டிவிடப் போகிறார்களே என்று குறுக்கே கையை நீட்டினார்.

கூடாரத்தில் பேச்சு பரவிற்று. கூடப்பிறந்தவர்கள்கூட இப்படி உட்காரவில்லையாம்; இந்தக் காலத்தில் இப்படி ஒரு சிநேகமா என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்களாம். நடராஜாவின் மச்சினர் யோகேந்திரன் உருகிப்போய், தேவாரம் பாடுமுன் அவர் இரண்டு வார்த்தை பேசத்தான் வேண்டும் என்று கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

புவனேசன் எழுந்து நின்றார். என்ன பேசுவது? நடராஜா என்ன வேலை பார்த்தவர்? தெரியாது. பிள்ளைகள் எத்தனை? தெரியாது. எப்படிச் செத்தார் என்றுகூட வந்ததிலிருந்து கேட்கவில்லை. பதினோரு வருடத்தில் நூற்று முப்பது ஞாயிறு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் சதுரக் காசின் மறுபக்கத்தில் எழுத்தோரம் எத்தனை கீறல் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். தொண்டையைச் செருமினார்.

"அண்ணன் எதையும் லேசுல விடமாட்டாரு" என்றார்.

அதற்குமேல் வரவில்லை. துக்கத்தில் வார்த்தை அடைத்துவிட்டது என்று கூட்டம் புரிந்துகொண்டது. பின்வரிசையில் ஒரு பெரியவர் தேம்பி அழுதார். புவனேசனுக்கு உடம்பெல்லாம் கூசிற்று. தன்னை எல்லாரும் நல்லவன் என்று நினைப்பது இவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பெட்டியின் மூடியை எடுத்து வந்தபோது, நடராஜாவின் மனைவி பிரேமாவதி அவரைப் பக்கத்தில் அழைத்தார். அழுது ஓய்ந்த குரலில், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். டின்னில் அந்த மாதிரிச் சதுரக் காசு ஐம்பது அறுபது கிடக்கிறதாம். அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்து வைத்துவிட்டாராம்.

"அதுதானான்னு பாருங்க தம்பி. அதுன்னா நீங்க எடுத்துக்குங்க. வேற ஒண்ணு வெச்சுக்கலாம்."

புவனேசன் வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்.

"ஒங்களுக்குக் குடுக்கக்கூடாதுன்னு இல்ல. நானே எத்தனையோ வாட்டி குடுத்துத் தொலைங்கன்னு சொல்லியிருக்கேன். குடுத்துட்டா அப்புறம் அவன் எதுக்கு வரப்போறான்னு கேப்பாரு. பிள்ள ஜொகூர்ல இருக்கு, வருசத்துக்கு ஒருவாட்டி வரும். மாசாமாசம் வந்தது நீங்க ஒருத்தர்தான்."

புவனேசன் கையை நீட்டினார். விளிம்பை மட்டும் தொடும்படி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே வளைந்தன, பழக்கம் அப்படி. காசுக்குப் பதில் நெற்றிதான் முதலில் விரலில் பட்டது. சில்லென்றிருந்தது. இத்தனை வருடத்தில் அந்த மனிதரை அவர் ஒருதரம்கூடத் தொட்டதில்லை. சந்தனம் காய்ந்து, காசு ஒரு புருவத்தின் பக்கம் சரிந்திருந்தது. அதை மெல்ல நடுவுக்குத் தள்ளி, விரலால் அழுத்தி வைத்தார்.

"இருக்கட்டும்க்கா" என்றார்.

மூடியைப் போட்டார்கள். அப்போதுதான் புவனேசன் அழுதார். இந்தத் தடவை யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

இதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். வீடு திரும்புகிற வழியில், பீடோங் முச்சந்திச் சிவப்பு விளக்கில் நிற்கும்போதே, புரட்டியாவது பார்த்திருக்கலாமே என்று மூன்று முறை வருந்தினார். வீட்டில் வாசுகியிடம் நடந்ததைச் சொன்னார். அவள், அடுத்த முறை தானும் கூட வருவதாகச் சொன்னாள்.

முதல் ஞாயிறு வந்தது. பத்து மணிக்குக் கணவனும் மனைவியும் சுங்கை லாலாங்கில் இருந்தார்கள். பிரேமாவதி கோப்பி போட்டார். நடராஜா முப்பத்திரண்டு வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர் என்றும், மாரடைப்பு என்றும், ஜொகூரில் இருக்கும் மகள் பெயர் சாந்தினி என்றும் புவனேசன் அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். இடையில் பிரேமாவதி பிஸ்கோத்து டின்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனார். புவனேசன் அதைப் பார்க்காமல் பேசினார். சுவரைப் பார்த்துப் பேசினார், கூரையைப் பார்த்துப் பேசினார். நாற்பது நிமிடம் தாங்கினார். அந்த இனத்துக்கு அது பெரிய சாதனை. பிறகு மூடியைத் திறந்தார்.

இருந்ததா?

பார்த்தீர்களா. ஒரு மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி அடுப்படியில் இரண்டாவது கோப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கிறார், வாசுகி அவருக்குத் துணையாக நிற்கிறாள். நீங்கள் மட்டும் புவனேசனின் தோளுக்கு மேலே எட்டி டின்னுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சும்மா பார்க்கத்தான், இல்லையா?