ஸ்பானர் கட்டிய டென்னிஸ் பேட்டு

செயலாளர் அவர்களே, நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர். பத்துப் பேர் முன்னால் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போனவர். பெயர் போடவில்லை. அருப்புக்கோட்டையில் காலை ஆறு மணிக்கு மண் கோர்ட்டில் டென்னிஸ் ஆடுகிற எல்லோருக்கும் நீங்கள் யாரென்று தெரியும்.

மற்றவர்களுக்கு முதலில் ஸ்பானரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகத்தில் லூசாக இருக்கும் எதையும் சும்மா விடாத ஒரே மனிதர் அவர்தான். என் வீட்டுக்கு அடுத்த தறி ஷெட்டில் விசைத்தறி மெக்கானிக். கல்யாண வீட்டுக்குக்கூட இடுப்பில் ஸ்பானரோடுதான் போவார். ஒருமுறை வீரசோழன் போகும் பஸ்ஸில் முன்சீட்டு ஆடுகிறதென்று வழி முழுக்க முடுக்கிக்கொண்டே போனார். இறங்கும்போது கண்டக்டர் கையில் இரண்டு நட்டுகளை வைத்து, "இது ரெண்டும் கூடுதலா இருந்துச்சு" என்றார். திருச்சுழியில் நான் வேலை பார்க்கும் ஆபீசுக்குச் சான்றிதழ் வாங்க வந்தவர், தலைக்கு மேல் கடகடத்த ஃபேனைக் கழற்றி மாட்டிவிட்டு, சான்றிதழை மறந்துவிட்டுப் போனார்.

போன வருடம் ஒரு ஞாயிறன்று எங்கள் டென்னிஸ் கிளப் போட்டியில் எனக்கும் கிளப் செயலாளருக்கும் இறுதி ஆட்டம். வெள்ளிக்கிழமை என் ஒரே பேட்டின் நரம்பு அறுந்தது. மதுரைக் கடையில் கேட்டால் நாலு நாள் ஆகும் என்றார்கள். ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் செயலாளரிடம் சொன்னேன். வராவிட்டால் தோற்றதாக எழுதிவிடுவேன் என்றார். அந்தக் கோர்ட்டில் ஆடும் ஒரே பொம்பளை நான். ஆடாமலே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போக அவருக்கு ஆசை. அப்படியென்றால் ஸ்பானரிடம் கொடுத்து நரம்பு கட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"தறி மெக்கானிக்குட்ட குடுத்தா வேட்டிதான் நெய்ஞ்சு தருவான். அந்தப் பேட்டு ஒரு செட்டு தாங்கட்டும், மைக்குல நின்னு அந்தாளுட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

அதை அப்படியே ஸ்பானரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். கணக்குப் போட்டு இருபத்தைந்து கிலோ என்றேன்.

"ஒரு சிப்பம் அரிசி. உன் அடுப்படியிலயே இருக்குமே ஆத்தா."

சனிக்கிழமை காலை பேட்டை என் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டினார். நரம்பை ஓட்டையில் கோத்து, அதன் நுனியில் என் அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிட்டார். இழுத்து நின்றதும் ஓட்டையில் கோணி ஊசியைக் குத்தி நரம்பைப் பிடித்துக்கொண்டு, சிப்பத்தை அவிழ்த்து அடுத்த நரம்புக்குப் போனார். இப்படி ஒவ்வொன்றுக்கும் சிப்பம் ஏறி இறங்கியது. தறியில் நீள நூலான பாவு கட்டிப் பழகியவர், ஓரத்தில் ஆரம்பித்து வரிசையாக வந்தார். பாதி வந்தபோது என் பேட்டு கத்தரிக்காய் போலக் கோணிவிட்டது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஒரு பீடி தீரும்வரை அதையே பார்த்தார். பிறகு அத்தனை நரம்பையும் அறுத்துப் போட்டார். பேட்டு மெல்ல நிமிர்ந்தது.

"தறியில பாவு மொத்தமா இழுபடும். இது ஒத்தை ஒத்தையா இழுபடுது. நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி போகணும். தப்பு எம்மேலதான்."

என்னிடம் இன்னொரு சுருள் நரம்பு இருந்தது. கடைசிச் சுருள். இந்த முறை நடுவில் தொடங்கினார். குறுக்கு நரம்பை, தறியில் குறுக்கு நூலான ஊடையை ஓட்டுவது போல மேலும் கீழுமாகக் கையாலேயே ஓட்டினார். சாயங்காலம் சுண்டிப் பார்த்தார். மணி போலக் கேட்டது. அதோடு நிறுத்தினாரா? நூலுக்குக் கஞ்சி போடாமல் விடக்கூடாதென்று அதே அரிசியில் கஞ்சி காய்ச்சித் தடவிவிட்டார். காலையில் பேட்டு முழுக்க எறும்பு.

ஞாயிறு ஆட்டத்தில் முதல் பந்தை அடித்ததும் காய்ந்த கஞ்சி வெள்ளைப் பொடியாகப் பறந்தது. ஒரு நரம்புகூட அசையவில்லை. ஸ்பானர் பந்தைப் பார்க்கவே இல்லை. இடைவேளைக்கு இடைவேளை பேட்டை வாங்கிக் காதில் வைத்துச் சுண்டினார். ஆறுக்கு மூன்று, ஆறுக்கு இரண்டு. ஜெயித்தேன். கோர்ட்டு நடுவில் அந்தப் பேட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

செயலாளர் கஞ்சியைக் குற்றம் சொன்னார். ஸ்பானர் பணிவாகவே சொன்னார்: "சார், கஞ்சி நூலுக்குப் போடலாம், வேட்டிக்குப் போடலாம். தோத்ததுக்குப் போட முடியாது."

மன்னிப்பு எங்கே என்று நான் கேட்டேன். மைக் ரிப்பேர் என்றார் செயலாளர். ஸ்பானர் உடனே மைக்கைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார். அவர் சரிசெய்து முடிப்பதற்குள் செயலாளரின் கார் கேட்டைத் தாண்டிவிட்டது. வேலை செய்த மைக்கில் ஸ்பானர் பேசிய முதல் பேச்சு இதுதான்: "அவுக காருல ஃபேன் பெல்ட்டு லூசா கெடக்கு. நில்லுங்கன்னா நிக்காமப் போறாகளே."

அவருக்கு உங்கள் மன்னிப்பு வேண்டாம் செயலாளர் அவர்களே. உங்கள் பெல்ட்டைப் பற்றித்தான் இன்றைக்கும் கவலைப்படுகிறார். அந்த மனிதருக்காக நான் கேட்கிறேன். மைக் நன்றாக வேலை செய்கிறது. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, எல்லோர் முன்னாலும் வந்து நீங்கள் சொன்ன மன்னிப்பைக் கேளுங்கள்.