கட்டாய மகிழ்ச்சிப் பயிலரங்கம்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் சாதித்த மகத்தான காரியம், குடிநீர் வாரியத்தின் கிளை அலுவலகம் ஒன்றில் 'மகிழ்ச்சியான தாய்மை' பயிலரங்கம் நடத்தியதுதான். அதுவரை அங்கே வேலை பார்த்த தாய்மார்கள், பாவம், எந்தப் பயிற்சியும் இல்லாமல் பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பரிதாபத்துக்குரியவர்களில் ஒருத்தி புகார்ப் பிரிவில் போன் எடுப்பவள். "தண்ணி வரல!" என்று கத்துகிறவர்களிடம் "வந்துடும் சார், வந்துடும்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு எதிலும் நம்பிக்கை வந்துவிட்டது. அன்று காலையும் நம்பிக்கையோடுதான் எழுந்தாள். மகளின் ஒரு ஷூ கட்டிலடியில் இருந்தது. மற்றது வாளியில் மிதந்தது. இரண்டு வயது வாண்டு பற்பசையால் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். கணவன் "என் சாக்ஸ் எங்கே?" என்று கேட்டு, குடும்பப் பொறுப்பை அத்துடன் நிறைவேற்றிவிட்டுக் கிளம்பினான்.

"கடவுளே, எல்லாரும் துணியோட வெளியே போனா போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று வேண்டிக்கொண்டாள்.

கடவுள் சம்மதித்தார். மகள் ஈர ஷூவோடு பள்ளி வண்டி ஏறினாள். அப்போதுதான் வாண்டைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா காய்ச்சலில் படுத்துவிட்ட செய்தி வந்தது. மேலாளருக்குப் போன் போட்டாள்.

"சார், பையனைப் பாத்துக்க ஆளில்ல. இன்னிக்கு மட்டும் லீவு..."

"நல்ல நாள் பாத்துக் கேட்டீங்க போங்க! இன்னிக்குப் பயிலரங்கம். தாய்மாருங்க கட்டாயம் சந்தோஷமா இருக்கணும்னு மேலிடத்து உத்தரவு."

"பையனை என்ன சார் பண்றது?"

"அதை எப்படிச் சமாளிக்கறதுன்னுதானேம்மா பயிலரங்கமே!"

இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக வந்து சேர்ந்தாள். பயிலரங்கம் நடந்தது முன்பு குழந்தைகள் காப்பகமாக இருந்த அறையில். தொட்டில்களை அகற்றி, மெத்தை நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.

"குழந்தைங்களுக்கு அனுமதி இல்லக்கா. உள்ள தாய்மையைப் பத்திப் பேசறாங்க" என்று பியூன் மறித்தார். வாண்டு அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பறித்தான். பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது.

'மனமகிழ்ச்சி வல்லுநர்' வெள்ளை உடையில் இருந்தார். ஒரு கறை கிடையாது. குழந்தைகளைப் பற்றித் தூரத்திலிருந்தே ஆராய்ந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"களேபரம் வெளியில் இல்லை, அம்மா. உங்களுக்கு உள்ளேதான் இருக்கிறது."

"ஆமா சார், காலைல ஒண்ணும் சாப்பிடல" என்றாள் அவள்.

"கண்ணை மூடுங்கள். எதையும் நினைக்காதீர்கள்."

அவ்வளவுதான். முன்வரிசை சாய்ந்தது, பின்வரிசையில் குறட்டை கிளம்பியது. வல்லுநர் மேலாளரிடம் கிசுகிசுத்தார்: "பேரின்ப நிலை! இவ்வளவு சீக்கிரம் எந்த ஆபீஸ்லயும் வந்ததில்ல."

அவளும் கண் அயர்ந்தாள். வாண்டு மடியில் ஏறி, அவள் தினமும் தன்னைத் தட்டுவது போலவே அவள் கன்னத்தைத் தட்டி, "தூங்கு, தூங்கு" என்றான். விரலெல்லாம் பிஸ்கட் பசை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலையில் வேண்டிக்கொண்ட கடவுள் இந்தப் பிசுபிசுப்பில்தான் இருக்கிறார் போல என்று தோன்றியது. பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, பயிற்சி வேலை செய்யுது!" என்று குதூகலித்த மேலாளர் நிறைவுரைக்கு எழுந்தார். "தாய்மைங்கறது வேலையே இல்ல, அது சந்தோஷம்னு இன்னிக்கு நிரூபணம் ஆயிடுச்சு. சந்தோஷத்துக்கு எதுக்கு லீவு? இனிமே குழந்தையைக் காரணம் காட்டி யாரும் லீவு கேக்க வேண்டாம்!"

தூங்கியவர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். அவளுக்கு வேலை போனாலும் போகலாம். ஆனாலும் எழுந்தாள்.

"அப்ப இந்தச் சந்தோஷத்தைக் கொஞ்சம் பிடிங்க சார். புகார்ப் பிரிவுல போன் அடிக்குது."

வாண்டை அவர் கையில் வைத்துவிட்டு நடந்தாள்.

சந்தோஷம் முதலில் அவருடைய டையைச் சப்பியது. அடுத்து அவர் காதுக்குள் அலறியது. அதன்பின், குடிநீர் வாரியத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக, அவர் சட்டை முழுவதும் தங்குதடையற்ற நீர் விநியோகம் நடைபெற்றது.

"அம்மா!" என்று கத்தியது வாண்டு அல்ல.

அவள் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். மேலாளர் தமக்குத் தாமே அரைநாள் விடுப்பு வழங்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட வீட்டுக்குக் கிளம்பினார். பிள்ளை வளர்ப்பின் சிரமத்தை முன்னிட்டு அந்த அலுவலகம் அனுமதித்த முதல் விடுப்பு அதுதான்.