ஈரத்துணிக்குள் ஒரு வெப்சைட்

உலகத்தில் எல்லா வெப்சைட்டும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும். எங்கள் ஈரத்துணி அண்ணாத்தயின் வெப்சைட் மட்டும் காஞ்சிபுரம் வீதியெல்லாம் செருப்பில்லாமல் நடக்கும்.

கருட சேவை அன்று பெருமாள் எந்த முனையில் வருகிறார் என்று அதில் பார்க்கலாம். மிக்சி ரிப்பேர்க்காரரான அண்ணாத்த, பழைய சாமான் கடையில் வாங்கிய கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்றையே சர்வராக்கி, கையில் பிடித்தபடி சாமி கூடவே நடப்பார். நாம் திறக்கும் பக்கம் அந்த உள்ளங்கையிலிருந்துதான் வரும். சூடேறினால் நின்றுவிடுமாம். அதனால் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ஈரத்துணி சுற்றியிருப்பார்.

"வெப்சைட் வெக்க இலவசமாவே எத்தினியோ பேரு இடம் குடுக்கறாங்களே அண்ணாத்த?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாமி இங்க நடக்குது. சேதி மட்டும் அமெரிக்காவுல குந்திக்கினு இருக்கணுமாபா?"

ஒரே குறை, நாலு பேருக்கு மேல் பார்த்தால் பக்கம் மூச்சை விட்டுவிடும். அன்றைக்குத் தெருவில் குழாயடிச் சண்டைதான். "பாத்துட்டா மூடும்மா!" "இப்பதாம்மா தொறந்தேன்!"

அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகும்வரை எனக்கு இதெல்லாம் வேடிக்கை. எங்கள் சந்துக்குள் சாமி வராது. மாடியிறங்கி முனைக்குப் போக அம்மாவுக்கு இருபது நிமிஷம். அந்த நெரிசலில் அஞ்சு நிமிஷம்கூட நிற்க முடியாது. முதல் வருஷம் பக்கம் திறக்காமல், தாமதமாக இறங்கி, தாண்டிப்போன சாமிக் குடையின் பின்பக்கத்தைத்தான் சேவித்தாள்.

மறு வருஷமும் திறக்கவில்லை. அம்மாவின் இருபது நிமிஷக் கணக்கைச் சொல்ல அண்ணாத்தவுக்குப் போன் போட்டேன்.

"நாலு பேருக்கு மேல ஏறிக்கினு இருக்காங்கபா. யாரையாச்சும் எறங்கச் சொல்லு!"

பால்கனியில் நின்று கத்தினேன். "பாத்தவங்க மூடுங்கப்பா! அம்மா பாக்கணும்!"

தெருவே மூடியது. பக்கம் திறந்தது. அதில் முனையின் பெயரைக் காணோம். ஒரே ஒரு வரி இருந்தது: 'மாடி வீட்டம்மா, இப்ப எறங்குங்க.'

போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார். சேதி என்றால் அவருக்கு வெப்சைட்டில்தான்.

அம்மா முனையை எட்டவும் கருடன்மேல் பெருமாள் திரும்பவும் சரியாக இருந்தது. கண்ணாரச் சேவித்தாள். பக்கத்தில் அண்ணாத்த தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, வருஷா வருஷம் கூடவே நடக்கறியே, சாமிய ஒரு வாட்டியாவது பாத்தியா?"

"எங்க பாக்கறதும்மா... கையில இது இருக்குதே."

"குடு இங்க. நான் புடிச்சிக்கறேன்."

யாரிடமும் தராதவர் தந்துவிட்டார். ஈரம் சொட்டச் சொட்ட அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அம்மா பெருமாளை விட்டுவிட்டு, அண்ணாத்த பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.