போக பதினாறு, வர எட்டு

மாமியாருக்குப் பயப்படுகிற ஆளா லாய்ட்? கிடையவே கிடையாது. ஆங்கரேஜ் நகரத்தில் கரடியையே கைதட்டி விரட்டியவன். அவன் பயந்ததெல்லாம் மாமியாரின் பிறந்தநாளுக்குத்தான். அது ஜூலையில் வந்து தொலைக்கிறதே!

ஜூலையில்தான் கீனாய் ஆற்றில் சால்மன் மீன் கடலிலிருந்து ஏறும். ஊரே நீளக் காம்பு வைத்த வளைய வலையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நிற்கும். போன வருஷம் பக்கத்து வீட்டு வெண்டல் இவனைவிட அதிகமாகப் பிடித்துவிட்டு, இன்னும் வேலிக்கு மேலே தலையை நீட்டி இளிக்கிறான். இந்த வருஷமும் விட்டுவிடுவதா?

“அம்மாவுக்கு எண்பது வயசு. மயாமிக்குப் போறோம்,” என்றாள் மனைவி விவியன்.

“தாராளமா போலாம் கண்ணு. ஆனா நாலாயிரம் மைல்! காலைல ஆறுக்கு ஏறினா ராத்திரி பத்துக்குத்தான் இறங்குவோம். பதினாறு மணி நேரம்! உன் முதுகு என்னத்துக்கு ஆகும்?”

“பதினாறா? நெஜமாவா?”

“டிக்கெட்லயே போட்டிருக்கு பாரு. நீயே விரல் விட்டு எண்ணு.”

மயாமிக் கடிகாரம் நாலு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, நடுவில் விமானம் மாறுவதையும் சேர்த்து மொத்தப் பயணமே பன்னிரண்டுதான் என்பதை மகராசன் மென்று விழுங்கிவிட்டான்.

விவியன் எண்ணினாள். “அட, ஆமாப்பா!” என்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். லாய்டுக்குத் தலைகால் புரியவில்லை. கராஜுக்கு ஓடி வலையை இறக்கி, விசிலடித்துக்கொண்டே கிழிசல் தைக்க உட்கார்ந்தான்.

அரை மணியில் விவியன் வந்து நின்றாள். “நீ சொன்னது சரிதான். நாம போகல.”

“அப்பாடா... அதாவது, ஐயோ பாவம் உங்கம்மா!”

“பாவம் எதுக்கு? அவங்க இங்க வர்றாங்க.”

“பதினாறு மணி நேரமா? இந்த வயசுலயா?”

“யாரு சொன்னா? அங்க காலைல பத்துக்கு ஏறினா இங்க சாயங்காலம் ஆறுக்கு இறங்கிடலாம். எட்டே மணி நேரம்! டிக்கெட்லயே போட்டிருக்கு. நீயே விரல் விட்டு எண்ணு.” அவள் முகத்தில் பச்சைக் குழந்தையின் சாந்தம்.

லாய்ட் வாயைத் திறந்தான். கடிகாரக் கதையை அவிழ்த்தால் தன்னுடைய பதினாறும் சேர்ந்து கிழியுமே! மூடிக்கொண்டான்.

“அந்த வலையைச் சுருட்டி மேல போடு. அம்மாவுக்கு மீன் வாடை பட்டாலே குமட்டும்.”

முணுமுணுத்துக்கொண்டே வலையைச் சுருட்டினான். வெளியே வெண்டல் வண்டியில் வலையை ஏற்றும் சத்தம் வேறு கேட்டது.

“விவி... ஜூலை முடியறதுக்குள்ள திரும்பிடுவாங்கல்ல?”

“எப்படிப்பா மனசு வந்து அனுப்புறது? இங்கேர்ந்து போகத்தான் பதினாறு மணி நேரம் ஆகுதே!”